பாட்டுக் கட்டியவர் யார்?

2022 ஜூலை 22ஆம் தேதி 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். சிறந்த பின்னணிப் பாடகி விருது, கேரளத்தின் அட்டப்பாடியில் ஆடு மாடு மேய்த்து வாழ்ந்துவந்த இருளர் சமூகப் பெண் நஞ்சம்மாவுக்குக் கிடைத்தது. ‘அய்யப்பனும் கோஷியும்’ (2020) என்ற மலையாளப் படத்தின் தலைப்புப் பாட்டுக்காக. சில நாட்களில் ஓர் இசைக்கலைஞர் பேசிய காணொளி பரவியது. நஞ்சம்மா மேல் தனக்கு அன்பு உண்டு என்று தொடங்கிய அவர், ஸ்ருதி கொடுத்து ஒரு பாட்டைச் சொல்லித்தந்தால் ஒரு மாதம் ஆனாலும் இவரால் பாட முடியுமா, சிறுவயது முதல் இசைக்காகவே வாழ்பவர்களுக்கு இது அவமதிப்பு ஆகாதா என்ற பொருளில் கேட்டார். எதிர்த்தரப்பும் உடனே எழுந்தது. இசையமைப்பாளர்களும் பாடகர்களும் நஞ்சம்மாவுக்காகப் பேசினார்கள். அந்தக் குரலில் மண் இருக்கிறது, காடு இருக்கிறது என்ற வகையில் பாராட்டுகள் குவிந்தன.

இரண்டு தரப்பும் பேசியது குரலைப் பற்றி. பயிற்சி இல்லாத குரலுக்கு விருது கொடுக்கலாமா என்பது ஒன்று. பயிற்சி இல்லாததுதான் அந்தக் குரலின் அழகு என்பது மற்றொன்று. இந்தச் சண்டையில் ஒரு சிறு தகவல் காணாமல் போயிற்று: அந்தப் பாட்டின் வரிகளுக்கும் நஞ்சம்மாவின் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். அவர் பாட்டைப் பாடியவர் மட்டும் இல்லை, கட்டியவர். அந்த ஆண்டின் சிறந்த பாடலாசிரியர் விருது ‘சாய்னா’ என்ற இந்திப் படத்துக்காக மனோஜ் முன்தஷிருக்குப் போனது. அதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் நான் படித்த அத்தனை வாதங்களிலும் எதிர்வாதங்களிலும் ‘பாடலாசிரியர்’ என்ற சொல் நஞ்சம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்த்தவர்கள் அவரைப் பாடகி இல்லை என்றார்கள். ஆதரித்தவர்கள் பாடகிதான் என்றார்கள். ஆசிரியர் என்று யாரும் சொல்லவில்லை.

எதிர்த்தவரின் பேச்சில் பாதி உண்மை உண்டு என்றே நினைக்கிறேன். பின்னணிப் பாட்டு என்பது தனித் தொழில். இன்னொருவர் எழுதிய வரியை, இன்னொருவர் போட்ட மெட்டில், தெரியாத ஒரு நடிகையின் வாய்க்குப் பொருந்துமாறு, காதில் ஒலிக்கும் தாளத்தோடு இம்மி பிசகாமல் பாடிக்கொடுக்க வேண்டும். அந்தத் தொழிலுக்குப் பல வருட உழைப்பு தேவை. நஞ்சம்மா செய்தது அந்தத் தொழில் இல்லை. யாருடைய பின்னணியிலும் நின்று அவர் பாடவில்லை. தன் மொழியில், தன் வரியைத் தானே பாடினார். அரசின் விருதுப் பட்டியலில் அப்படிப்பட்டவருக்கு ஓர் அறை கிடையாது. இருக்கிற அறைகளில் ஒன்றில் அவரை உட்காரவைத்துவிட்டு, இந்த நாற்காலிக்கு இவர் பொருத்தமா என்று நாடே விசாரித்தது.

*

நஞ்சம்மா இசைக்குள் வந்த வழியைப் பார்ப்போம். அட்டப்பாடி பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனைகட்டியைத் தாண்டினால் வந்துவிடும். கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடிகளின் நிலம். இருளர் பேசும் மொழி தமிழுக்கு மிக நெருக்கமான திராவிட மொழி. அந்தப் பாட்டைப் புரிந்துகொள்ள மலையாளிகளுக்கு உரை வேண்டியிருந்தது. நமக்கு இரண்டாவது முறை கேட்டால் போதும். இருளருக்குப் பொறை, தவில், கொகல், ஜால்ரா என்று வாத்தியங்கள் உண்டு. திருமணத்துக்கு ஆடுவதுபோலவே சாவுக்கும் ஆடுவார்கள். பழனிசாமி என்ற இருளர் கலைஞர் நடத்திய ஆசாத் கலா சமிதி என்ற குழுவில் நஞ்சம்மா பாடிவந்தார். அந்தக் குழுவின் வழியாகத்தான் சச்சி இயக்கிய படத்துக்குள் போனார். படத்துக்கு ஜேக்ஸ் பிஜாய் இசையமைத்தார்.

ஆக, ‘காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரைச் சினிமா கண்டுபிடித்தது’ என்று சொல்லும் கதை அவ்வளவு சரியில்லை. அவர் ஏற்கெனவே ஒரு மேடையில் இருந்தார். அவருக்கென்று ஒரு குழு இருந்தது, கேட்கிறவர்கள் இருந்தார்கள், பாடுவதற்குச் சந்தர்ப்பங்கள் இருந்தன. பெரிய மேடைக்கு வெளியே இருக்கும் மேடையை மேடையாக எண்ணாத பழக்கம் நமக்கு. அதனால்தான் ‘கண்டுபிடிப்பு’ என்ற சொல் இவ்வளவு சுலபமாக வருகிறது. கொலம்பஸும் அப்படித்தான் கண்டுபிடித்தார்.

படம் வெளிவருவதற்கு முன் விளம்பரத்துக்காக ஒரு காணொளி விட்டார்கள். பிருத்விராஜைத் தெரியுமா, பிஜு மேனனைத் தெரியுமா என்று நஞ்சம்மாவைக் கேட்கிறார்கள். தெரியாது என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை லட்சக்கணக்கானோர் பகிர்ந்தார்கள். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடிக்கும். ஆனால் காணொளி நம்மை எதைப் பார்த்து மகிழச் சொல்கிறது என்று யோசித்தால் சங்கடம் வருகிறது. இந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அதனால் இவர் தூய்மையானவர் என்பது அதன் உள்ளுரை. தமிழில் இதற்கென்றே ஒரு சொல் வைத்திருக்கிறோம்: வெள்ளந்தி. நாட்டுப்புறப் பாடகிகளைப் பற்றிய பேட்டிக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். வெள்ளந்தியான சிரிப்பு, வெள்ளந்தியான மனுஷி, வெள்ளந்தியான குரல். ஒரு பெண்ணை வெள்ளந்தி என்று சொன்ன பிறகு அவரிடம் ‘இந்த வரியை ஏன் இப்படி வைத்தீர்கள்?’ என்று கேட்க முடியாது. வெள்ளந்தி எதையும் வைப்பதில்லை. அவளுக்கு அது ‘வருகிறது’.

அந்தப் பாட்டைப் பிரதியாக வைத்துப் படித்தால் வேறு ஒருவர் தெரிகிறார். தாய் குழந்தைக்கு வெளி உலகைக் காட்டும் பாட்டு அது. கிழக்கே சந்தன மரம் பூத்திருப்பதைச் சொல்லித் தொடங்குகிறது. பிறகு திசைக்கு ஒரு மரம். ஒவ்வொரு மரத்தையும் காட்டி, பூப்பறிக்கப் போகலாமா என்று கேட்கிறாள். பூவைச் சொன்ன அதே மூச்சில் விமானத்தையும் பார்க்கக் கூப்பிடுகிறாள். நான் அந்த விமானத்தில்தான் நின்றுவிட்டேன். ஆதிகாலத்திலிருந்து காற்றில் மிதந்துவரும் பாட்டில் விமானம் எப்படி வரும்? கோயம்புத்தூருக்கு இறங்குகிற ஏதோ ஒரு விமானத்தைக் காட்டுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்த பெண் ஒருத்தி அதை அந்த வரியில் வைத்திருக்கிறாள். நான்கு திசையையும் மரங்களால் அடைத்த பிறகு, மிச்சம் இருந்த ஒரே திசை மேலே. குழந்தையின் கண் தரையிலிருந்து கிளைக்கும் கிளையிலிருந்து வானத்துக்கும் போகிறது. பூ கைக்கு எட்டும், விமானம் எட்டாது. இரண்டுக்கும் ஒரே கேள்விதான், ஒரே தொனிதான். எட்டாததை எட்டாதது என்று அந்தத் தாய் குழந்தைக்குச் சொல்லவில்லை.

இது தற்செயலாக வாய்த்த அமைப்பு என்று ஒரு கவிஞராக என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அச்சில் வந்த ஓர் ஆண் கவியின் வரியாக இருந்திருந்தால் இந்த விமானத்தைப் பற்றி நாம் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருப்போம்.

*

‘தானே கற்றவர்’ என்ற பட்டத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். சங்கீதத்தில் கேள்வி ஞானம் என்று ஒரு மரியாதையான சொல் உண்டு. பெரியவர்கள் பாடக் கேட்டுக் கேட்டு வந்த அறிவு. வயலிலும் அடுப்படியிலும் சாவு வீட்டிலும் கேட்டுக் கேட்டுக் கற்ற பெண்ணை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவளைச் சுயம்பு என்கிறோம். சுயம்பு என்றால் தானே முளைத்தது, தாய் இல்லாதது. புகழ்ச்சி போலத் தோன்றும் இந்தச் சொல், அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அம்மாவையும் ஆயாவையும் அத்தையையும் நாத்தனாரையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிறது. குரு என்று சொல்ல ஆண் ஒருவர் இல்லாததால் குருவே இல்லை என்று ஆகிவிடுகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு மாறான ஓர் ஏற்பாடு இருக்கிறது. சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் கூடும் திருநங்கைகள் கற்பூரத்தைக் குவித்து ஏற்றி, சுற்றிவந்து கும்மி அடிப்பார்கள். மறுநாள் தாலி அறுத்து ஒப்பாரி. அவர்களுக்குள் குரு, சேலா என்ற உறவு உண்டு. நீ யாருடைய மகள் என்று கேட்டால் பெயர் வரும். பிறந்த வீடு கைவிட்டவர்கள் கட்டிக்கொண்ட அந்த உறவில் கற்பித்தவளுக்கு ஒரு பெயரும் இடமும் இருக்கிறது. பெற்ற தாயிடம் கற்ற நம் பெண்களுக்கு அது இல்லாமல் போனது யோசிக்கத்தக்கது.

இந்தத் துடைப்பு புதிதும் இல்லை. அகநானூற்றின் 102ஆம் பாட்டில் தினைப்புனம் காக்கும் கொடிச்சி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். கதிரைத் தின்ன வந்த யானை அதைக் கேட்டுத் தின்னவும் மறந்து, நின்ற இடத்தைவிட்டு நகரவும் மறந்து உறங்கிப்போகிறது. பாட்டின் வலிமையைப் பற்றி நம் இலக்கியத்தில் இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. பாட்டை எழுதியவர் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார் என்று பெயர் நிற்கிறது. யானையை உறங்கவைத்தவள் கொடிச்சி, அவ்வளவுதான். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் உலக்கை போட்டுக்கொண்டு தலைவியும் தோழியும் மாறி மாறிப் பாடும் வள்ளைப்பாட்டுகள் வருகின்றன. இடிக்கும் கையின் தாளத்திலிருந்து பிறந்த வடிவம் அது. அந்த வடிவத்தை உண்டாக்கியவர்கள் இடித்த பெண்கள். பேர் கபிலருக்கு. கபிலர் மேல் எனக்குத் தீராத காதல் உண்டு, வகுப்பில் அவரை நடத்தும்போது மணி அடிப்பது காதில் விழாது. ஆனாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியே நம் காலத்துக்கு வந்தால், நாட்டார் பாடல் தொகுப்புகளின் அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது, பதிப்பித்தவர் பெயர் இருக்கிறது. நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளில் பாடியவரின் பெயர் கடைசியில் பின்னிணைப்புக்குப் போகும். அங்கே அவருக்கு ‘தகவலாளர்’ என்று பெயர். வயது, சாதி, தொழில், கல்வி என்று பத்திகள் இருக்கும். கல்வி என்ற பத்தியில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கும். முந்நூறு பக்க ஆய்வுக்கு உயிர் கொடுத்த பாட்டுகளைத் தந்தவருக்கு இல்லை என்று நாம் கொடுக்கும் சான்றிதழ் அது.

*

நான் இதையெல்லாம் கள்ளக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான ஊர். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் வழியாக ஏறினால் வெள்ளிமலை. மலைக்குச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பாகங்கள். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தில் சேர்ந்தது. மலையில் வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பேசுவது தமிழ், காஞ்சியிலிருந்து வந்ததாகத் தங்கள் பூர்வ கதையைச் சொல்வார்கள். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் பிடியில் இருந்த மலை இது. நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1976இல்தான் அந்தப் பிடி தளர்ந்தது. அதுவரை ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர்களின் பேத்திகள் இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்களிடம் உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்டால் முதலில் வருவது சினிமாப் பாட்டு. எங்கள் ஊர்ப் பாட்டெல்லாம் ‘சும்மா’ பாடுவது மேடம் என்பார்கள். சும்மா என்ற சொல்லுக்குள் எத்தனை வேலை இருக்கிறது! மரவள்ளிக் காட்டில் களை எடுக்கும்போது, தொட்டில் ஆட்டும்போது, பெண்ணுக்கு நலங்கு வைக்கும்போது, பிணத்தைச் சுற்றி உட்காரும்போது. கூலி இல்லாத வேலையோடு சேர்ந்த பாட்டும் கூலி இல்லாததாக, கணக்கில் வராததாக ஆகிவிட்டது. சமைப்பதை ‘வீட்டில் சும்மா இருக்கிறேன்’ என்று சொல்லும் அதே சும்மாதான் இது.

கல்வராயன் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சாராயம்தான் நினைவுக்கு வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தபோது அந்த நினைவு இன்னும் இறுகியது. அந்த நாட்களில் தொலைக்காட்சிகள் தெருவெங்கும் கேமராவை நிறுத்தியிருந்தன. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுததை நாடே பார்த்தது. திரையின் கீழே ‘கதறல்’ என்று எழுத்து ஓடியது. ஒப்பாரி தெரிந்தவர்களுக்கு அது வெறும் கதறல் இல்லை என்பது தெரியும். ஒப்பாரியில் மரபாக வரும் அடிகள் இருக்கும். அவற்றுக்கு நடுவில் செத்தவனின் பேரும் அவன் வைத்துவிட்டுப் போன கடனும் பிள்ளையின் படிப்பும் அந்த நிமிஷத்தில் கட்டப்பட்டு உள்ளே வரும். இழப்பின் நடுவில் எதுகை தவறாமல் குற்றப்பத்திரிகை வாசிக்கிற வடிவம் அது. யார் குற்றவாளி என்றுகூட அதில் இருக்கும். நாம் கண்ணீரை எடுத்துக்கொண்டு வார்த்தையை விட்டுவிட்டோம்.

இதே சாவு வீட்டில் இன்னொரு இசையும் இருக்கிறது. வடசென்னையின் கானா, இறந்தவரின் வீட்டு வாசலில் இரவெல்லாம் பாடி வளர்ந்த வடிவம். உள்ளே பெண் பாடினால் ஒப்பாரி, வாசலில் ஆண் பாடினால் கச்சேரி. ஒன்றுக்குக் கூலி கிடையாது, மற்றதற்கு மேடையும் மைக்கும் சம்பளமும் உண்டு. இராயபுரத்து இசைவாணி அந்த வாசலுக்கு வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது இங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும். சிறுவயதிலேயே தந்தையோடு மேடை ஏறியவர். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல்முறை பாடியபோது பத்தொன்பது பேரில் ஒரே பெண். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2024 நவம்பரில், பல வருடங்களுக்கு முன் பாடிய ஒரு பாட்டைத் தோண்டியெடுத்து அவரை மிரட்டினார்கள். அது குழுவின் பாட்டு. மிரட்டல் மட்டும் அவருக்கு வந்தது. பாராட்டில் பெண்ணை வெறும் குரல் என்று சொல்பவர்கள், தண்டிக்கும்போது பாட்டு முழுவதற்கும் அவளையே பொறுப்பாளி ஆக்குகிறார்கள்.

*

நஞ்சம்மா விருது அறிவிக்கப்பட்டு ஆறே நாட்களில், ஜூலை 28 அன்று, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழா நடந்தது. அங்கே ‘எஞ்சாயி எஞ்சாமி’யைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். பாட்டை எழுதிய அறிவு அந்த மேடையில் இல்லை. அவர் தன் மனவருத்தத்தை வெளியிட, சந்தோஷ் நாராயணன் பதில் எழுத, யார் எதை உருவாக்கினார்கள் என்று சில வாரங்கள் பேசினோம். அதற்கு முந்தைய ஆண்டே ஒரு பத்திரிகையின் அட்டையில் அறிவு விடுபட்டதற்கு எதிர்ப்பு எழுந்திருந்தது. தலித் பாடலாசிரியரின் பெயர் எப்படி நழுவுகிறது என்ற கேள்வி நியாயமானது, அதை முழுக்க ஏற்கிறேன். எனக்கு வேறு ஒரு குறை. இந்த விவாதத்தில் மூன்று பெண்கள் இருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வரலாற்றைப் பாட்டுக்குக் கொடுத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாள், தீ, மாரியம்மாள். கிடாக்குழி மாரியம்மாள் மேடைகளில் நெடுங்காலம் பாடியவர், ‘கர்ணன்’ (2021) படத்தின் வழியே பரவலாகத் தெரியவந்தவர். அந்த வாரங்களில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் அவரை ஓர் ‘இடத்தை நிரப்பியவர்’ ஆகத்தான் பார்த்தார்கள். இவருக்கென்று ஒரு பாட்டு வாழ்வு இருந்ததே என்று யாருக்கும் தோன்றவில்லை.

2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பெயர் பெற்றவர்களுக்கே இதுதான் நிலை என்றால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? சட்டம் என்ன சொல்கிறது என்பதை மாணவிகள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையில் பங்கை உறுதிசெய்தது. அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் கொடுக்கலாம். நல்ல திருத்தம். ஆனால் அது ஆசிரியர் என்று பெயர் போட்டவருக்குத்தான் காவல். உறையில் ‘மரபுப் பாடல்’ என்று அச்சிட்டுவிட்டால் ஆசிரியர் இல்லை, பங்கு கேட்க ஆள் இல்லை. அதில் நான்கு வரி மாற்றியவர் ஆசிரியர் ஆகிவிடுகிறார். நாட்டார் பாடலுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் கிடையாது. ‘மரபு’ என்ற சொல் அடக்கமாக, பண்பாட்டுப் பெருமையோடு உட்கார்ந்துகொண்டு பல பெண்களின் கையெழுத்தை அழித்திருக்கிறது.

அதனால்தான் ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் வரிகளுக்கு நஞ்சம்மாவின் பெயரைப் போட்டதை விருதைவிடப் பெரிய செய்தியாக நினைக்கிறேன். அது தெலுங்கில் ‘பீம்லா நாயக்’ (2022) ஆனபோது அங்கேயும் காட்டுக் குரல் ஒன்று தேவைப்பட்டது. கும்மரி துர்கவ்வா என்ற நாட்டுப்புறப் பாடகியைப் பாடவைத்தார்கள், அருமையாகப் பாடினார். வரிகள் ராமஜோகய்ய சாஸ்திரி. பெரும்பாலும் நடப்பது இதுதான். கிராமத்திலிருந்து குரல் வரும், நகரத்திலிருந்து சொல் வரும். நம் பக்கத்தில் இந்த வழக்கத்தைக் கொஞ்சம் கலைத்தவர் கொல்லங்குடி கருப்பாயி. நினைத்த மாத்திரத்தில் பாட்டுக் கட்டக்கூடியவர் என்று பேர் வாங்கியவர். வானொலியில் பாடினார், 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் பாட்டியாக நடித்துப் பாடினார், கலைமாமணி விருதும் பெற்றார். 2025 ஜூனில் 99 வயதில் இறந்தார். இரங்கல் செய்திகள் நடிகை என்றும் நாட்டுப்புறப் பாடகி என்றும் எழுதின. கவிஞர் என்று எழுதிய ஒன்று என் கண்ணில் படவில்லை.

நஞ்சம்மாவுக்குத் திரும்புவோம். 2022 செப்டம்பர் 30 அன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு கையால் அவர் விருது வாங்கினார். பழங்குடிப் பெண் ஒருவர் கையிலிருந்து பழங்குடிப் பெண் ஒருவர் வாங்கிய அந்தப் படத்தை நாடு முழுவதும் பகிர்ந்தது. அதே நஞ்சம்மா, அட்டப்பாடியில் தன் கணவர் குடும்பத்து நிலம் கைமாறிப்போனதை எதிர்த்து வருவாய் அலுவலகங்களுக்கும் வழக்குக்கும் அலைந்துகொண்டிருந்தார். அதைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் மீது 2023இல் காவல்துறை வழக்குப் பதிந்தது. குரலில் மண் இருக்கிறது என்று உருகியவர்கள், கையில் மண் இருக்கிறதா என்று கேட்க வரவில்லை. பாட்டுக்கும் நிலத்துக்கும் ஒரே தர்க்கம்தான் நடக்கிறது. தலைமுறையாக இருப்பவரிடம் காகிதம் இல்லை. நேற்று வந்தவரிடம் இருக்கிறது. ஜாகீர் காலத்தைப் பார்த்த எங்கள் மலைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

கல்வராயனில் இப்போது பாட்டுப் பதிவுசெய்யப் பலர் ஏறுகிறார்கள். கைப்பேசியும் குச்சி மைக்கும் போதும். அருவியைப் படம்பிடித்துவிட்டு, வழியில் ஒரு பாட்டியைப் பாடவைத்து, ‘மலைவாசிப் பாட்டியின் மயக்கும் குரல்’ என்று தலைப்பு வைத்து யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். பாட்டிக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. பேருந்துக் காசு கொடுத்தார்களா என்பதும் சந்தேகம்.

எங்கள் துறையில் களப்பணிக்குப் போகும் மாணவிகளுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் ‘தகவலாளர்’ என்று இருந்ததைப் ‘பாடியவர்’ என்று மாற்றி, ‘பாட்டுக் கட்டியவர்’, ‘யாரிடம் கற்றார்’ என்று இரண்டு பத்திகளைச் சேர்த்திருக்கிறேன். முதல் வருடம் கட்டியவர் என்ற பத்தியில் பெரும்பாலும் ‘தெரியவில்லை’, ‘எல்லோரும்’, ‘அந்தக் காலத்துப் பாட்டு’ என்றே வந்தது. யாரிடம் கற்றார் என்ற பத்திதான் முதலில் நிறைந்தது. ஆயா, அத்தை, வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. ஒரு பெண் ஐந்து தலைமுறைப் பெயர்களை வரிசையாக எழுதி, இடம் போதாமல் தாளின் பின்பக்கத்துக்குப் போயிருந்தாள். அடுத்த வருடம் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாலாட்டில், கட்டியவர் என்ற இடத்தில் அவள் ஆயாவின் பெயர் இருந்தது. அதன் கீழே பென்சிலில், அழித்துவிடலாம் என்பதுபோல மெல்லிசாக: ‘கடைசி மூன்று அடி மட்டும் நான், மேடம்.’